தட்டிப் பார்த்தவள் – அத்தியாயம் ஒன்பது

பட்டறைச் சாவி தம்பியின் கைக்குப் போய் இன்றோடு ஆறு நாள்.

சாவி மட்டுமா? பத்திரத்தையும் அவன் பெயருக்கு மாற்றி, எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, "இனிமே இவன்தான் முதலாளி" என்று அப்பா அறிவித்தார். பதினோரு வருடமாக அந்தப் பட்டறையில் நின்று, துருப்பிடித்த சக்கரங்களை மணல் வீசி உரித்து, பெயிண்ட் பவுடர் பூசி, அடுப்பில் சுட்டு, புதுசு போல ஆக்கி அனுப்பிக்கொண்டிருந்த பெரியவள், காலி டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

"இன்னுமா கேக்கல?" என்றார் கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

"என்னன்னு கேக்கறது? கட்டிக்குடுத்த பொண்ணு. வேற வீட்டுக்குப் போனவ. அப்பா அப்படித்தான் சொல்வாரு."

"எங்க போனே நீ? கல்யாணத்துக்கு ரெண்டு நாள் லீவு போட்டே. மூணாம் நாள் காலையில பட்டறையில நின்னே. பாக்கப்போனா நான்தான் தனியா வேற வீட்டுக்கு வந்திருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் செருப்பை மாட்டினாள். ஆனால் தெருமுனை வருவதற்குள் அந்தச் சிரிப்பு வற்றிப்போய், ஆறு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு வார்த்தை. என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அப்பா?

*

பட்டறையில் நான்கு சக்கரங்கள் காத்திருந்தன. ஒரு வேனிலிருந்து கழற்றியவை. துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, மாமா அனுப்பியிருக்காரு. நாலரை மணிக்கு வந்து எடுத்துப்பாரு. நாளைக்குக் காலையில வண்டியைக் குடுக்கணுமாம்."

மாமா என்றால் தம்பியின் வருங்கால மாமனார். பழைய வண்டி வாங்கி விற்பவர். எந்த வண்டியைக் காட்டினாலும் "ஒரே கை ஓட்டின வண்டி சார்" என்பார். அதனால் ஊரில் அவருக்கே "ஒரே கை" என்று பெயர். அவரைப் பார்க்காமல் பெயரை மட்டும் கேட்டவர்கள் பாவப்படுவார்கள். இரண்டு கையும் நன்றாகவே இருக்கின்றன, இரண்டும் நீளம்.

பெரியவள் தடித்த அங்கியைப் போட்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மணல் வீசும் அறைக்குள் போனாள். அந்த இரைச்சலில்தான் அவளுக்கு நிம்மதி. யாரும் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் காதில் விழாது. துரு பறந்து, அடியில் இருக்கும் இரும்பு சாம்பல் நிறத்தில் வெளியே வரும். பூச்சு எதை மறைத்திருந்தாலும் இந்த அறையில் தெரிந்துவிடும்.

முதல் சக்கரம் சரி. இரண்டாவதும் சரி.

மூன்றாவதில் கை நின்றது. போல்ட் துளையிலிருந்து பக்கத்துத் துளை வரை மயிரிழை போல ஒரு கோடு. கையுறையைக் கழற்றி நகத்தை வைத்து இழுத்தாள். நகம் சிக்கியது.

சங்கிலியில் மாட்டிச் சிறு சுத்தியலால் தட்டினாள். நல்ல சக்கரம் கோயில் மணி மாதிரி இல்லாவிட்டாலும் ஒரு பித்தளைப் பாத்திரம் மாதிரியாவது பேசும். இது அடிவாங்கிய தகரடப்பா மாதிரி 'தொப்' என்றது.

இந்தத் தட்டல்தான் அந்தப் பட்டறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. எந்தச் சக்கரமும் அவள் ஐந்து இடத்தில் தட்டிக் கேட்காமல் வெளியே போகாது. கேட்ட பிறகு ஒரு சின்ன அட்டை கட்டுவாள். 'தட்டிப் பார்த்தது' என்று அச்சடித்திருக்கும். கீழே அவள் கையெழுத்து. "அந்தம்மா அட்டை இருக்கா?" என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"வெல்டு வெச்சுடலாமா?"

"சக்கரத்துக்கு வெல்டு வைக்கக் கூடாதுன்னு உனக்கு எத்தனை வாட்டி சொல்றது? பக்கத்துல இருக்கற இரும்பும் பலவீனமாகி அங்க பிளக்கும். இது பழைய இரும்புக்குப் போகட்டும். வேற ஒண்ணு அனுப்பச் சொல்லு."

"நாளைக்கு டெலிவரிக்கா."

"அதனால?"

அவன் காதைச் சொறிந்தான். "சரி விடு. மாமாகிட்ட நான் பேசிக்கறேன்."

அவ்வளவு சீக்கிரம் அவன் ஒத்துக்கொண்டதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சிவப்பு மார்க்கரால் அந்தச் சக்கரத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

அரை மணி கழித்துத் தம்பி வந்தான். "அக்கா, வெள்ளிப் பவுடர் தீரப்போகுது. நீயே போய்ப் பாத்து வாங்கிட்டு வந்துடேன். நான் போனா கடைக்காரன் என் தலையில எதையாவது கட்டிடுவான். உன்கிட்டதான் அவன் வாலைச் சுருட்டிட்டு இருப்பான்."

புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? ஆறு நாளாக ஒரு நல்ல வார்த்தைக்குக் காய்ந்து கிடந்தவள். பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

*

இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்தபோது மணி மூன்றே முக்கால். வாசலிலேயே அவள் மூக்கு நின்றுவிட்டது.

பவுடர் சுடும் வாசனை அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. பிளாஸ்டிக் கருகிய நாற்றம்.

அடுப்பின் பக்கம் வேலை செய்பவரை எல்லோரும் அடுப்பண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கண்ணைக் காட்டாமல் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். தாங்கியில் நான்கு சக்கரங்களும் பளபளவென்று வெள்ளி நிறத்தில் தொங்கின.

நான்கு!

"அண்ணே, சுவரோரம் இருந்தது எங்க?"

"முதலாளி சொன்னாரும்மா. நாலும் ஒண்ணாப் போகணும்னு."

"சிவப்புல குறி போட்டிருந்தேனே?"

"என்கிட்ட வரும்போது குறி இல்லம்மா. தின்னர் போட்டுத் தொடைச்சிருப்பாங்க போல. வழவழன்னு புட்டி பூசி, தேய்ச்சு, அழகா இருந்துச்சு. நான் எதைக் கண்டேன்?"

புட்டி! ஒடுங்கிய கதவில் பூசி நிரவுகிற சாதாரண புட்டி. வெயில் தாங்கும், மழை தாங்கும். இருநூறு டிகிரி அடுப்பைத் தாங்குமா? கல்லாவில் உட்கார்ந்தே வளர்ந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? உள்ளே போன புட்டி பொங்கி, வெந்து, மேலே பூசிய பவுடரைத் தூக்கிவிட்டிருந்தது. மூன்றாவது சக்கரத்தில், விரிசல் எந்த வழியாகப் போனதோ அதே வழியாகக் கொப்புளம் கொப்புளமாக ஒரு வரிசை.

அவள் கல்லாவுக்குப் போனாள். தம்பி அங்கே இல்லை. மேஜையில் நான்கு அட்டைகள், நூல் கோத்துத் தயாராக இருந்தன.

'தட்டிப் பார்த்தது.' கீழே அவள் கையெழுத்து.

அவள் போடாத கையெழுத்து.

ஒரு கணம் அவளே குழம்பிப்போனாள். அவ்வளவு நேர்த்தி. பிறகு பார்த்தாள்: அவள் கையெழுத்தின் கடைசிக் கோடு கீழே இறங்கும், இவை நான்கிலும் மேலே ஏறியிருந்தது. அவசரமாகப் போட்ட கையெழுத்து இல்லை இது. பழகிப் பார்த்துப் போட்டது.

பட்டறையை எடுத்துக்கொண்டீர்கள், சரி. என் பெயரையுமா?

*

நாலரைக்கு ஒரே கை தன் வண்டியில் வந்து இறங்கினார். ஓட்டி வந்தவள் அவருடைய மகள், தம்பிக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண். அப்பாவின் வியாபாரத்தில் கடிதம், ரசீது, வாங்கியவர்களின் போன் நம்பர் எல்லாம் அவள் பொறுப்பு. அதே நேரம் பெரியவளின் அப்பாவும் தினசரி வழக்கப்படி வந்து கல்லா நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி எங்கிருந்தோ முளைத்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

ஒரே கை சக்கரங்களைச் சுற்றி வந்தார். மூன்றாவதன் முன் நின்றார்.

"என்னம்மா இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"உன் வேலைன்னா ஊரே பேசும்னு நினைச்சுட்டிருந்தேன். இதான் அந்த வேலையா? வாங்கறவன் என் மூஞ்சியில துப்பமாட்டான்?"

"மாமா, அது வந்து…" என்று ஆரம்பித்தான் தம்பி. வந்தது அங்கேயே நின்றுவிட்டது.

"விடுங்க சம்பந்தி" என்றார் அப்பா. "அவசர வேலை. கொஞ்சம் முன்னப் பின்ன ஆகியிருக்கும். அவ திரும்பப் பண்ணிக் குடுத்துடுவா. ஏம்மா, மாமாகிட்ட ஒரு சாரி சொல்லிடு."

பதினோரு வருடத்தில் அவளுடைய கண் எரிந்திருக்கிறது, கை வெந்திருக்கிறது, மணல் புகுந்து இருமி இரவெல்லாம் தூங்காமல் இருந்திருக்கிறாள். அப்போதெல்லாம் வராத கோபம் இப்போது வந்தது.

"நான் சாரி சொல்லணுமா?"

"பெரியவங்கம்மா. ஒரு வார்த்தைதானே."

"ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தை எனக்கு யாரும் கொடுக்கல, என்கிட்டேர்ந்து மட்டும் வேணும்."

அவள் சுரண்டியை எடுத்தாள். சூடு முழுதாக ஆறாத அந்தச் சக்கரத்தின் கொப்புளத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். வெள்ளித் தோல் உரிந்தது. பழுப்பாக வெந்த புட்டி பொலபொலவென்று தரையில் கொட்டியது. அடியில், துளைக்குத் துளை, அந்தக் கோடு.

"இதைக் காலையிலேயே பாத்துக் கழிச்சுட்டேன். குறியை அழிச்சு, புட்டி அடிச்சு, அடுப்புல போட்டது உங்க மாப்பிள்ளை. என்னைப் பவுடர் வாங்க அனுப்பிட்டு."

"டேய், அப்படியா?" என்றார் அப்பா.

ஒரே கையின் மகள் குனிந்து விரிசலைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"வேன் என்ன, பறக்கவா போகுது? ஊருக்குள்ள ஓடற வண்டி…"

"தெரியுமான்னு கேட்டேன்."

"அட, இதுக்குப் போய் என்ன விசாரணை?" ஒரே கை நடுவில் புகுந்தார். மாப்பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைப்பு. "இரும்புன்னா கோடு இருக்கத்தான் செய்யும். போன மாசம் இதைவிடப் பெரிசா ஒண்ணு இருந்துச்சு. மாப்பிள்ளை ஒரு லீவு நாள்ல கமுக்கமா முடிச்சுக் குடுத்தாரே! ஸ்ப்ரே பெயிண்டு அடிச்சதால கொப்புளமே இல்ல. கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அட்டைகூட…"

நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது தாமதம்.

"அட்டைகூட?" என்றாள் பெரியவள்.

அடுப்பண்ணன் துடைப்பத்தை மெல்லச் சுவரில் சாய்த்தார்.

"டேய். என்னைப் பாத்துச் சொல்லு. அதுலயும் என் கையெழுத்தைப் போட்டியா?"

"அட்டை இல்லன்னா வாங்கமாட்டேன்னு சொன்னாங்கக்கா…"

"எந்த வண்டி?"

"விடும்மா" என்று அப்பா எழுந்தார். "அது போயி ஒரு மாசம் ஆச்சு. இப்ப அதைக் கிளறினா கல்யாணம், பட்டறை பேரு, எல்லாம் சந்தி சிரிக்கும். இனிமே இப்படிப் பண்ணமாட்டான். நான் பாத்துக்கறேன்."

"அந்தச் சக்கரத்துக்கு இவன் கல்யாணத் தேதி தெரியுமாப்பா?"

ஒரே கையின் மகள் கைப்பையிலிருந்து போனை எடுத்திருந்தாள். "நீல வண்டி, அண்ணி. முன்பக்கம் ஒரு வீல் மாத்தினோம். ஒரு பழ வியாபாரி வாங்கினாரு. நம்பர் இருக்கு."

"போனைக் கீழ வை!" என்றார் அவள் அப்பா. "தலையெழுத்தா உனக்கு? வித்த வண்டியை யாராவது கூப்பிட்டு நலம் விசாரிப்பாங்களா?"

அவள் ஏற்கெனவே அழுத்திவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு, பெரியவளிடம் நீட்டினாள்.

*

எடுத்தது ஒரு பெண். பின்னால் காற்றும் எஞ்சினும் இரைந்தன.

"அவர் ஓட்டிட்டிருக்காருங்க. என்ன விஷயம்?"

"நாங்க வீல் பட்டறையிலேர்ந்து பேசறோம். வண்டி எப்படி ஓடுது?"

"ஓடுது. ரெண்டு நாளா ஸ்டியரிங் உதறுது. டயர்ல காத்து கம்மியா இருக்கும்னு சொல்றாரு. ஏன் கேக்கறீங்க?"

பெரியவள் குரலை உயர்த்தவில்லை. "இப்ப எங்கம்மா இருக்கீங்க?"

"பெரிய ரோட்டுல. பின்னாடி முழு லோடு."

"நான் சொல்றதைக் கேளுங்க. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கச் சொல்லுங்க. பட்டுனு பிரேக் போட வேணாம். ஓரம் கட்டச் சொல்லுங்க. பயப்படாதீங்க."

பயப்படாதீர்கள் என்றால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? போனில் ஓர் ஆண் குரல் "என்னவாம்?" என்றது. இண்டிகேட்டரின் டிக் டிக் சத்தம். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. டயருக்கடியில் சரளைக்கல் நொறுங்கியது.

எஞ்சின் நின்றது.

பட்டறையில் ஆறு பேரும் மூச்சை விட்டார்கள். ஒரே கைகூட.

"இறங்கி முன்னாடி வீலைப் பாக்கச் சொல்லுங்க. போல்ட்டு பக்கத்துல பெயிண்டு மேல கோடு மாதிரி ஏதாவது தெரியுதான்னு."

கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண்ணின் குரல் மெலிந்து வந்தது. "ஆமா. ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல வளைஞ்சு போகுது. அதுலேர்ந்து துருத் தண்ணி ஒழுகியிருக்கு, சிவப்பா."

"அந்த வண்டியை ஓரடிகூட நகர்த்தாதீங்க. நல்ல வீல் எடுத்துட்டு நாங்களே வர்றோம்."

"வர்றது இருக்கட்டும்." அந்தக் குரலில் இப்போது பயம் போய், வேறொன்று ஏறியிருந்தது. "தட்டிப் பார்த்ததுன்னு அட்டை கட்டியிருந்துச்சே? அதை நம்பித்தானே வாங்கினோம். இன்னிக்குக் காலையில இதுலதான் என் ரெண்டு பொண்ணுங்களையும் ஸ்கூல்ல விட்டேன். என்னத்தைத் தட்டிப் பாத்தீங்க? அந்தக் கையெழுத்து யாருது?"

அப்பா இரண்டு கையையும் கூப்பினார். சத்தம் வராமல் வாயை அசைத்தார். சொல்லாதேம்மா. ஒரே கை தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். தம்பி முதல் தடவையாக அவள் கண்ணை நேராகப் பார்த்தான். சின்ன வயதில் கண்ணாடிப் பாத்திரத்தை உடைத்துவிட்டு, "நான்தான் உடைச்சேன்னு நீ சொல்லிடுக்கா" என்று கெஞ்சிய அதே பார்வை. அன்றைக்கு அவள் சொல்லியிருந்தாள்.

"பேரு என் பேருதாங்க" என்றாள் பெரியவள். "கையெழுத்து என்னுது இல்ல. போட்ட ஆள் இங்கதான் நிக்கறாரு. நீங்க கேக்க வேண்டியதை அவர்கிட்டயே கேளுங்க."

போனைத் தம்பியின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். பிறகு மேஜையிலிருந்த நான்கு அட்டைகளையும் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நடுவில் கிழித்தாள்.

"ஹலோ?" என்றது போன். "யாருங்க பேசறது?"

தம்பி அப்பாவைப் பார்த்தான், அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நிச்சயிக்கப்பட்டவளைப் பார்த்தான், அவள் வேறு பக்கம் திரும்பி, தாங்கியிலிருந்து ஒரு நல்ல சக்கரத்தை இறக்க அடுப்பண்ணனுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான்…" என்றான். "நான் இந்தப் பட்டறை முதலாளி பேசறேங்க."

"முதலாளியா?" அந்தப் பெண்ணின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "அப்ப இவ்வளவு நேரம் எங்களை உயிரோட நிறுத்தி வெச்சுப் பேசினாங்களே, அவங்க யாரு?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் பதில் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது.

போனில் அந்தப் பெண் காத்திருந்தாள்.